பிடியரிசியில் தொடங்கும் அருட்பா: வடசென்னை வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

வள்ளலாரின் திருவருட்பா புத்தகம் வாங்குவதற்கு முன்னால், மூடி இறுக்கமாக உட்காரும் டப்பா ஒன்று வாங்குங்கள். எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ, இரண்டு கிலோ அரிசி கொண்டால் போதும். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் பசித்தவர்களுக்கென்று முதல் பிடி அந்த டப்பாவுக்கு, அதன் பிறகுதான் வீட்டுப் பானைக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பானைக்குப் போட்டு மிச்சமிருந்தால் டப்பாவுக்கு என்று ஆரம்பித்து மூன்று மாதம் நான் ஏமாந்திருக்கிறேன். மிச்சம் என்று ஒன்று எந்த வீட்டிலும் இருப்பதில்லை.

"அருட்பா படிக்கணும்னு ஆசைக்கா, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த டப்பாவைத்தான். சிலர் முகம் சுளிப்பார்கள். பாட்டைக் கேட்டால் பருப்பு அரிசி பேசுகிறாளே என்று. ஆனால் நான் பார்த்தவரை, புத்தகத்தைப் பூஜை அலமாரியில் வைத்து ஆரம்பித்தவர்கள் தை மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டப்பாவில் ஆரம்பித்தவர்கள் ஏதோ ஒரு நாள் தாங்களாகவே புத்தகம் தேடி வருகிறார்கள்.

நான் புலவர் இல்லை. காலடிப்பேட்டையில் குடியிருக்கிறேன், மண்ணடியில் இரும்புச் சாமான் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன், வள்ளலாரின் சன்மார்க்கத்துக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. வேலைக்குப் போகிற, மீன் சாப்பிடுகிற வீட்டில் வாழ்கிற ஒருத்தி இந்த நூலை நாள் முழுக்க எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நம்ம பக்கத்து நூல்

வள்ளலார் என்றதும் எல்லோருக்கும் வடலூர்தான். 1823 அக்டோபர் 5-ஆம் தேதி சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்தார் என்பது சரி. ஆனால் தகப்பனார் இராமையா பிள்ளை சீக்கிரமே இறந்துபோக, தாயார் சின்னம்மை கைக்குழந்தையோடு பொன்னேரிப் பக்கம் வந்து, அங்கிருந்து சென்னைக்கு வந்துவிட்டார். குடியேறிய இடம் ஏழுகிணறு, வீராசாமிப் பிள்ளை தெரு. கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக 1772-இல் வெள்ளைக்காரர் வெட்டிய கிணறுகளால் பேர் வந்த அதே ஏழுகிணறு. 1858-இல் ஊரை விட்டுப் புறப்படும்வரை அவர் இங்கேதான் இருந்தார். 50 வருஷ வாழ்க்கையில் 30 வருஷத்துக்கு மேல் நம்ம பக்கம். பையனாக இருந்தபோது பள்ளிக்குப் போகாமல் ராசப்ப செட்டித் தெருக் கந்தகோட்டத்தில் உட்கார்ந்து பாடினார். பெரியவரானதும் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்கு நடையாக நடந்தார்.

அந்த நடையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றைத் தெரிந்துகொண்டு புத்தகத்தைத் திறப்பது நல்லது. ஒரு நாள் ஒற்றியூரிலிருந்து திரும்ப ராத்திரி வெகுநேரம் ஆகிவிட்டது. அண்ணியை எழுப்ப மனசில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அந்தக் கோயில் வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்து சோறு கொடுத்தாள் என்பது வழிவழிக் கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் அவர் பாட்டிலேயே அது இருக்கிறது: "ஒற்றியிற்போய்ப் பசித்தனையோ என்றெனையங் கெழுப்பி". ஒற்றியூர் போய்விட்டுப் பசியோடு வந்தாயோ என்று கேட்டு எழுப்பினாளாம். 1867 மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த அடுப்பின் முதல் பொறி நம்ம டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்) விழுந்தது என்று எனக்கு ஒரு எண்ணம். ஆதாரம் கேட்டால் இல்லை, வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தப் புத்தகம், எந்த வரிசை

திருவருட்பா ஆறு திருமுறை. அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் அப்படி வகுத்தார். முதல் நான்கும் 1867-இல் வெளிவந்தன. ஆறாம் திருமுறை, வள்ளலார் 1874-இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் திருக்காப்பிட்டுக்கொண்ட பிறகு 1885-இல்தான் அச்சேறியது. திருமுறை என்று பேர் வைத்ததற்கே ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து பெரிய எதிர்ப்பு வந்து, அருட்பாவா மருட்பாவா என்று ஊரே இரண்டு பட்டது தனிக்கதை.

ஊரன் அடிகள் பதிப்பின் கணக்குப்படி 5818 பாட்டு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை போகிறேன் என்று கிளம்பாதீர்கள். இரண்டாம் மாதம் மூச்சு வாங்கும். முழு நூலையும் உடனே வாங்க வேண்டியதுகூட இல்லை. கந்தகோட்டத்தில் பாடிய தெய்வமணிமாலையும் அருட்பெருஞ்ஜோதி அகவலும் சின்னப் புத்தகமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், பூசத்தன்று சன்மார்க்க சங்கங்களில் சும்மாவே கொடுப்பார்கள். வாங்கும்போது ஒன்றே ஒன்று பாருங்கள்: சீர் பிரித்து, சந்தி பிரித்து அச்சிட்டிருக்க வேண்டும். பிரிக்காத பதிப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் தப்பும் தவறுமாக மூச்சு விட்டுப் படித்தேன்.

பாட்டோடு உரைநடை இரண்டு அவசியம் வேண்டும். ஒன்று ஜீவகாருண்ய ஒழுக்கம், இன்னொன்று 1854-இல் வந்த மனுமுறை கண்ட வாசகம். பாட்டு உள்ளே இறங்க வருஷமாகும். இந்த இரண்டும் முதல் நாளே வேலை வாங்கும்.

காலை: பம்படியும் விளக்கும்

எங்கள் தெருவில் அடிபம்பில் தண்ணீர் வருவது விடிகாலையில். ஆக, எனக்குப் பிரம்ம முகூர்த்தத்தை நிர்ணயிப்பது குடிநீர் வாரியம்தான். ஆரம்பத்தில் இது பெரிய எரிச்சல். விளக்கேற்றி உட்கார்ந்தால் கீழே குடத்தை இழுக்கும் சத்தம் கேட்கும், மனசு வரிசைக்கு ஓடிவிடும். ஒரு நாள் அடித்துக்கொண்டே இருந்தபோது வாயில் தானாக வந்தது: பிடியை அழுத்தும்போது "அருட்பெருஞ்ஜோதி", மேலே வரும்போது "அருட்பெருஞ்ஜோதி", மறுபடி அழுத்தும்போது "தனிப்பெருங்கருணை", மேலே வர "அருட்பெருஞ்ஜோதி". இரண்டு அடியில் மகாமந்திரம் ஒரு முறை முடிந்துவிடுகிறது. மூன்று குடம் நிரம்புவதற்குள் எண்ணிக்கை நூறு தாண்டும். பக்கத்து வீட்டம்மா ஒருத்தி முதலில் சிரித்தாள், இப்போது அவள் பம்பு அடிக்கும்போது மாதா பாட்டு பாடுகிறாள். நல்லதுதான்.

தண்ணீர் பிடித்துக் குளித்த பிறகு விளக்கு. சன்மார்க்கத்தில் சிலை தேவையில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தீபம், அவ்வளவுதான். அவருடைய படத்தை வைப்பவர்களும் உண்டு. மண்ணில் வள்ளலார் உருவத்தைச் செய்துகொண்டு வந்தவரிடம், பொன்னான மேனி மண்ணாயிற்றே என்று சொல்லி அவர் அதைக் கீழே போட்டு உடைத்தார் என்று கதை சொல்வார்கள். அதனால் என் வீட்டில் விளக்கு மட்டும். எண்ணெய் நல்லெண்ணெய் போதும்.

முதல் மாதம் தெய்வமணிமாலை மட்டும் படியுங்கள். மொத்தம் 31 பாட்டு, தேதிக்கு ஒன்று. 8-ஆம் தேதி வருகிற "ஒருமையுடன் நினதுதிரு மலரடி நினைக்கின்ற" உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்திருக்கும். ஒவ்வொரு பாட்டும் "தருமமிகு சென்னையில்" என்று நம்ம ஊரைச் சொல்லித்தான் முடியும். மழை பெய்தால் முட்டிவரை சாக்கடை நிற்கும் தெருவில் நின்று அதைச் சொல்லும்போது எனக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் அவர் கிண்டலாகத்தான் சொன்னாரோ என்று தோன்றும். அந்த 8-ஆம் பாட்டிலேயே "பெண்ணாசையை மறக்கவே வேண்டும்" என்று ஒரு வரி வருகிறது. பெண்கள் அதை என்ன செய்வது என்று சங்கத்தில் ஒரு தடவை கேட்டேன். பெரியவர் ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்கு எதும்மேல ஆசை அடங்கலியோ அதை நெனச்சுக்கோம்மா" என்றார். எனக்கு அது வஞ்சிரம். அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

இரண்டாம் மாதத்திலிருந்து அகவல். 1872 ஏப்ரல் 18-ஆம் தேதி எழுதியது, 1596 அடி. ஒரே மூச்சில் ஓதினால் வெகுநேரம் ஆகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலை நாளில் அது நடக்காது. தினம் 16 அடி வைத்துக்கொண்டால் 100 நாளில் முடியும். மனப்பாடம் செய்ய ஒரு வசதி அதிலேயே இருக்கிறது: ஆரம்பத்துக் கண்ணிகள், அதாவது இரண்டிரண்டு அடிகள், அகர வரிசையில் போகும். "அருட்சிவ நெறிசார்" என்று தொடங்கி, "ஆகம முடிமேல்", "இகநிலைப் பொருளாய்", "ஈனமின்று", "உரைமனங் கடந்த", "ஊக்கமும் உணர்ச்சியும்" என்று. எழுத்து நினைவிருந்தால் அடி வந்துவிடும். மெட்ரோவில் காலடிப்பேட்டையிலிருந்து மண்ணடி போவதற்குள் அன்றைய 16 அடியை வாய்க்குள் மூன்று முறை ஓட்டிவிடலாம். பொருள் புரியவில்லையே என்று முதல் சுற்றில் கவலைப்படாதீர்கள். இரண்டாம் சுற்றில் நாளுக்கு ஒரு கண்ணிக்குப் பொருள் எழுதிப் பாருங்கள். நான் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

உடம்புக்கு அவர் சொன்னவை

நித்திய கரும விதி என்று அவர் ஒரு நாள்முறை எழுதியிருக்கிறார். சூரியன் உதிக்கும் முன் எழுவது, பல் துலக்குவது, என்ன குடிப்பது, எப்போது வெயிலில் நிற்பது, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது வரை அதில் உண்டு. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்த்துப் பொடித்து வைத்துக்கொண்டு தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பாலும் சர்க்கரையும் சேர்த்தால் காலைக் காபிக்கு விடை கொடுக்கலாம். எனக்கு மூன்று வாரம் தலைவலி, பிறகு பழகிவிட்டது. பகலில் தூங்காதே, அரை வயிற்றுக்குச் சாப்பிடு, இடது கைப்பக்கம் படு என்பதெல்லாம் செலவில்லாதவை, செய்து பாருங்கள்.

தாம்பூலம் போடச் சொல்லியிருப்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. பாக்கு வாய்ப்புற்றுநோய் உண்டாக்கும் என்று இன்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. "கண்மூடி வழக்கமெலாம் மண்மூடிப் போக" என்றவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

மீன் சட்டி

வடசென்னையில் இந்த நூலோடு வாழ்வதில் கஷ்டமான இடம் இதுதான். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து காசிமேடு கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என் வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய்விடுவார். சங்கரா, மத்தி, கையில் காசிருந்தால் வஞ்சிரம். வாரம் முழுக்க உழைத்த மனுஷனுக்கு அந்த ஒரு நாள் குழம்புதான் திருவிழா. நானும் அதில் பிறந்து வளர்ந்தவள்தான். கருவாடு வறுக்கும் வாசனைக்கு இன்றைக்கும் என் வாயில் எச்சில் ஊறும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அருட்பா இந்த விஷயத்தில் வளைந்து கொடுக்காது. சன்மார்க்கத்துக்குள் நுழைய வாசல் புலால் மறுப்புதான். நான் விட்டது ஒரே நாளில் இல்லை. முதலில் மாதப் பூசத்தன்று, பிறகு வியாழன், பிறகு அகவல் முதல் சுற்றின் 100 நாள். 100 நாள் முடிந்தபோது திரும்பச் சாப்பிட உட்கார்ந்தேன், தட்டிலிருந்த மீனின் கண்ணைப் பார்த்தேன், கை போகவில்லை. அதோடு சரி. உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. படிப்படியாக விடுங்கள் என்கிறேன். சபதம் போட்டு ஒரே நாளில் விட்டவர்கள் பாதிப்பேர் தீபாவளிக்குள் திரும்பிவிடுகிறார்கள்.

நாக்கு கேட்பது முக்கால்வாசி மீனை இல்லை, குழம்பை. புளியைக் கெட்டியாகக் கரைத்து, மீன் குழம்புக்கு வறுக்கும் அதே மிளகாய், மல்லி, வெந்தயம் வறுத்து, மாங்காய் இரண்டு கீற்று போட்டு, மீனுக்குப் பதில் வாழைக்காயும் கத்திரிக்காயும் போடுங்கள். சேனையைக் கனமாக நறுக்கி மஞ்சள் மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் தட்டு காலியாகும். பயறு, கொண்டைக்கடலை வாரம் நான்கு நாள் இருக்கட்டும். பால், தயிர் விடாதீர்கள். ஒரு வருஷம் கழித்து ரத்தத்தில் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், எனக்குக் குறைந்திருந்தது.

இதையெல்லாம் விடக் கடினம் ஒரு பாட்டு. "உயிர்க்கொலையும் புலைப்புசிப்பும் உடையவர்கள் எல்லாம் உறவினத்தார் அல்லர்அவர் புறஇனத்தார்". ஆறாம் திருமுறையில் இந்த இடம் வந்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் புருஷன், என் மாமியார், என்னைப் பெற்றவள், காசிமேட்டில் வலை பின்னும் என் அண்ணன் எல்லோரும் புற இனமா? ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. திரும்ப எடுத்தபோது அடுத்த அடி கண்ணில் பட்டது. அவர்களுக்கும் பசியைத் தவிர்த்தல் செய் என்கிறது. கறாராகக் கோடு போட்ட கையே, கோட்டுக்கு அந்தப் பக்கமும் சோற்றை நீட்டுகிறது. இந்தப் பாட்டோடு எனக்கு இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் வீட்டில் என்ன செய்வது என்பதற்கு வழி கிடைத்துவிட்டது. சோறு, ரசம், கூட்டு எல்லோருக்கும் நான் ஆக்குவேன். மீனை வீட்டுக்காரர் கழுவி அவரே ஆக்கிக்கொள்வார், சட்டி தனி, அடுப்பு ஒன்றே. "நாத்தம் புடிச்ச சட்டி" என்று ஒரு தடவை வாய்தவறிச் சொன்னேன். மாமியார் இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. அப்படி ஒரு வார்த்தை பேசுவதற்குக் கருவாட்டையே தின்றிருக்கலாம்.

கடையில்

"உள்ஒன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார் உறவு கலவாமை வேண்டும்" என்று காலையில் பாடிவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தால் முதல் ஃபோனே "முதலாளி இல்லைன்னு சொல்லு" என்று வரும். நான் "இப்ப பேச முடியாதுங்க, சாயந்திரம் கூப்பிடுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பொய்யில்லை. முதலாளிக்கும் தொந்தரவில்லை.

சரக்கு இறக்குகிறவர்களின் கூலியில் சில்லறையைத் தள்ளிவிட்டுக் கொடுப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். 486 வந்தால் 480. நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மனுமுறை கண்ட வாசகத்தில் "வேலையிட்டுக் கூலி குறைத்தேனோ" என்று படித்த மறுநாள் 486 என்றே எழுதினேன், பிறகு எல்லாக் கணக்கையும். ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது முதலாளி, "ஆறு ரூபாயில என்ன கோட்டையா கட்டப்போறோம், எழுதும்மா" என்று விட்டுவிட்டார்.

பசிக்குக் கொடுப்பது

எங்கள் கை அளவுக்கு டப்பாவில் மாதம் ஒன்றரைக் கிலோ சொச்சம் சேரும். அதோடு கொஞ்சம் பருப்பு, எண்ணெய் வாங்கினால் மாதம் ஒரு முறை இருபது பேருக்குப் பொட்டலம் கட்டலாம். தொடங்குவதற்கு முன் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் பசி வந்தவனின் உடம்பு எப்படியாகிறது என்று வள்ளலார் எழுதியிருக்கும் பகுதியை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். கண் பஞ்சடைந்து குழிவது, காது கும்மென்று அடைப்பது, நா உலர்வது என்று உறுப்பு உறுப்பாகப் போகும். பசித்துப் பார்த்தவன் எழுத்து அது.

யாருக்குக் கொடுப்பது என்று தேட வேண்டியதில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியோடு வந்து மூன்று நாளாகத் தரையில் படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி வெளியே தகப்பன்மார் நிற்பார்கள். சமைக்க முடியாத மாதம் அம்மா உணவகத்தில் வாங்கிக் கொடுங்கள். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சித்திரை மாதம், விடியற்காலையிலேயே சாம்பார் சாதம் கிளறிச் சூட்டோடு பொட்டலம் கட்டி, பையில் அடுக்கிவிட்டேன். கொடுக்கும்போது மணி பன்னிரண்டரை. வாங்கிய பாட்டியொருத்தி பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி மடித்து என் கையில் வைத்தாள். நூல் நூலாக இழுத்தது. இருபதையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் பன்னும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து எனக்குச் சில விதிகள் உண்டு. வெயில் காலத்தில் பருப்பு, தேங்காய் சேர்ந்ததைக் கட்டுவதில்லை, எலுமிச்சை சாதமோ புளிசாதமோதான். சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே கட்டுவது. கட்டியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது. நமக்குப் போட்டுக்கொள்ளத் தயங்குவதைப் பொட்டலத்தில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. நன்றாகக் குடித்திருந்த ஒரு ஆள் ஒரு தடவை கை நீட்டினார். கூட வந்த பெண், "இவனுக்கா? வாங்கி சைடிஷ்ஷா வெச்சுக்குவான்" என்றாள். எனக்கும் கை பின்வாங்கியது. நூலில் அந்த இடம் தெளிவாக இருக்கிறது: எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, எந்தச் செய்கை என்று விசாரிக்கக் கூடாது. செய்கை என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் கொடுத்தேன். அவர் நடைபாதையில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்றார். படம் மட்டும் எடுக்காதீர்கள், யார் கேட்டாலும்.

மாதத்தில் ஒரு நாள், வருஷத்தில் ஒரு நாள்

மாதப் பூசத்தன்று முடிந்தால் ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூர்வரை நடந்து பாருங்கள். தங்கசாலை, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி. விடியலில் கிளம்பினால் கன்டெய்னர் லாரிகள் குறைவு. கால் வலித்தால் பாதியில் மெட்ரோ ஏறிக்கொள்ளலாம், பாவமில்லை. காலடிப்பேட்டை என்றால் யாரோ மகானின் காலடி என்று நினைப்பார்கள். காலட் என்ற வெள்ளைக்கார கவர்னர் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. போகிற வழியில் வடிவுடை மாணிக்க மாலையைச் சொல்லிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு பாட்டும் "வடிவுடை மாணிக்கமே" என்று முடிவதால் நடைக்குத் தாளம் கிடைக்கும். பிற்காலத்தில் அவர் கோயில் வழிபாட்டையெல்லாம் தாண்டிப் போய்விட்டாரே, நீ ஏன் கோயிலுக்குப் போகிறாய் என்று சன்மார்க்கிகளே கேட்பார்கள். அவர் தாண்டினார், நான் இன்னும் தேரடியில்தான் நிற்கிறேன்.

தைப்பூசத்துக்கு வடலூர். 1872-இல் திறந்த சத்திய ஞானசபையில் ஏழு திரையும் விலக்கி ஜோதி காட்டுவது அன்றைக்குத்தான். கும்பகோணம் போகும் பேருந்துகள் நெய்வேலி தாண்டி வடலூரில் நிற்கும். வடசென்னைக்காரர்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய்ச் சேருவதே பாதி யாத்திரை என்பதால் முந்தின நாள் மதியமே கிளம்புங்கள். கூட்டம் ஆகாதென்றால் வேறு மாதப் பூசத்துக்குப் போங்கள். தருமச்சாலையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

ராத்திரிக் கேள்விகள்

மனுமுறை கண்ட வாசகத்தில், தேர்க்காலில் கன்றைக் கொன்ற மகனுக்காக அழும் சோழ ராஜா தன்னையே வரிசையாகக் கேட்டுக்கொள்கிறான், நான் என்ன பாவம் செய்தேனோ என்று. "நல்லோர் மனத்தை நடுங்கச் செய்தேனோ" என்று ஆரம்பிக்கும் அந்தப் பட்டியலைப் படுக்கும் முன் தினம் மூன்று கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுப் படித்து, ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு விளக்கைத் தணித்துவிடுங்கள். அழுது புலம்ப வேண்டாம், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.

170 வருஷத்துக்கு முந்தைய கேள்விகள் என்று நினைக்க மாட்டீர்கள். "குடிக்கின்ற நீருள்ள குளம் தூர்த்தேனோ" என்பதை எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் படித்தால் யார் யார் பேரோ ஞாபகம் வரும். ஆனால் கேள்வி "தூர்த்தேனோ" என்று என்னைத்தான் கேட்கிறது. "பட்சியைக் கூண்டில் பதைக்க அடைத்தேனோ" என்று நான் படிக்கும்போது மாடியில் புறா வளர்க்கும் பையன் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "பந்தயப் புறாக்கா, தொறந்து வுட்டாலும் திரும்பி வந்துடும்" என்று சண்டைக்கு வந்தான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் வந்தது "வரவு போக்கொழிய வழியடைத்தேனோ". எங்கள் சந்து ஆறடி. வீட்டுக்காரர் அவர் ஸ்கூட்டரை எப்போதும் குறுக்காகத்தான் நிறுத்துவார். எதிர்வீட்டுக் கிழவர் ஒவ்வொரு ராத்திரியும் ஒருக்களித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார். இந்தப் புத்தகத்தை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காத மனுஷன், கட்டிலில் படுத்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் அந்த வரியைப் படித்ததும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு எழுந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே போனார். ஸ்டாண்டு எடுக்கும் சத்தம், சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. மேலே வந்து படுத்துக்கொண்டு, "நேரா வுட்டுட்டேன். அடுத்தது இன்னா, படி" என்றார்.